முட்டுக்காட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்கள்

வட சென்னைக்காரர்களான நமக்குப் படகில் ஏற ஆசை வந்தால் முட்டுக்காட்டுக்குப் போவோம். காணும் பொங்கலுக்குப் போவோம். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டால் போவோம். ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் கட்டாயம் போவோம். திருவொற்றியூரில் கிளம்பி, பட்டணத்தை நீளவாக்கில் கடந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் வெந்து, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, யாரோ கழற்றிப்போட்ட வேர்வை ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தண்ணீரில் சுற்றுவோம். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். சுற்றிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் படகோட்டியே சொல்லியிருப்பார்: கோவளம் கழிமுகத்தில் வந்து கலப்பது பக்கிங்காம் கால்வாய். நம் தெருக்களுக்குப் பின்னால், சாத்தாங்காட்டுப் பக்கம், பைக்கில் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டுகிறோமே, அதே கால்வாய்தான்.

அது முதலில் ஓடியதே நம் பக்கம்தான். 1806-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான பேசில் காக்ரேன் பணம் போட்டு வெட்டிய முதல் துண்டு, பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை பதினொரு மைல். 1837-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு பிறகு வந்தது. தாது வருடப் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாத சனங்களைக் கூலிக்கு வைத்து வெட்டியது அது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878-ல் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அந்தத் தண்ணீர்ப் பாதையில் சவுக்கு விறகும், உப்பும், சுண்ணாம்புக் காளவாய்க்கான கிளிஞ்சலும் தோணி தோணியாக வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் வார இறுதியில் காற்று வாங்கவும் படகு விடவும் எண்ணூருக்கு வருவார்கள். இன்றைக்கு எண்ணூர் என்று சொன்னால் வீட்டு வாடகை குறைகிறது.

2008-ல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக மத்திய அரசு அறிவித்தது. காகிதத்தில் இன்றும் அங்கே கப்பல் ஓடலாம்.

ரயில் வந்தது, லாரி வந்தது, 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது, அதனால்தான் தோணிகள் நின்றன என்பார்கள். உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கும் மனசு லேசாக இருக்கும். ஆனால் படகு நின்றது வேறு, தண்ணீர் கெட்டது வேறு. முதலாவதற்குப் புயலைக் கைகாட்டலாம். இரண்டாவதில் நம் வீட்டுக் குழாயும் இருக்கிறது.

செப்டிக் டேங்க் நிரம்பினால் என்ன செய்வோம்? சுவரில் எழுதியிருக்கும் நம்பருக்குப் போன் போடுவோம். லாரி வரும். "ஆயிரத்து ஐநூறா? போன தடவை ஆயிரத்து இருநூறுதானேப்பா கொடுத்தோம்" என்று பேரம் பேசுவோம். டேங்க் ஒட்ட உறிஞ்சியாகிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். லாரி போகவேண்டிய இடம் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையம். அங்கேதான் போனதா, இல்லை இருட்டியபிறகு கால்வாய்க்கரையில் பின்பக்கத்தைக் காட்டி நின்றதா என்று நாம் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் லாரிக்காரரைத்தான் திட்டினார்கள். உள்ளே இருந்தது யார் வீட்டுச் சரக்கு என்ற பேச்சு வரவில்லை.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று கேட்டு மனு கொடுத்தோம், மறியல் செய்தோம். அது வந்த தெருக்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும், ரோட்டைத் தோண்ட வேண்டும், புதிதாகப் போட்ட டைல்ஸை உடைக்க வேண்டும் என்று பல வீட்டில் இணைப்பே வாங்கவில்லை. மழைநீர் வடிகால் வாசலிலேயே போகிறது. கொத்தனார் ஒருவர் ஒரு மதியத்தில் ஒரு குழாயைச் சொருகிவிட்டுப் போனார். அந்த வடிகால் போய் முடிவது கால்வாயில். மழைக்காலத்தில் அதே வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும்போது, கவுன்சிலர் எங்கே என்று தேடினோம்.

பூஜைப் பூவைக் குப்பையில் போட்டால் பாவம் என்று பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கவரோடு கால்வாயில் எறிந்தவர்களும் நாம்தான். ஆகாயத்தாமரை மேல் அந்தக் கவர் மூழ்காமல் நிற்கும். சாக்கடையில் கலந்து வரும் சோப்புத்தூளின் பாஸ்பேட்டும் மலக்கழிவின் நைட்ரஜனும்தான் ஆகாயத்தாமரைக்கு உரம். அது மூடிய தண்ணீருக்கு வெளிச்சம் போகாது. அடியில் கழிவு அழுக அழுக, கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் கிருமிகள் தின்றுவிடும். மனிதர் இறங்கிக் குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும், உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைத் தின்னக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. நம் கால்வாயைப் பொறுத்தவரை இந்த எண்களைப் பேசக் கருவி வேண்டியதில்லை; வெள்ளி நகை கறுக்கிறதே, அந்தக் காற்றே சொல்லிவிடும்.

ஏரிகள் கதையும் இதேதான். மாதவரம் ஏரி, மணலி ஏரி, கடப்பாக்கம் ஏரி என்று நல்ல தண்ணீர் நின்ற இடங்கள் நமக்கு இருந்தன. கோடையில் அங்கே கிரிக்கெட் ஆடினோம், மழையில் கட்டடக் கழிவைக் கொட்டிக் கரையை 'உயர்த்தினோம்'. புழல் ஏரி உபரி நீரைத் திறந்தால் அது வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் என்று வந்து எண்ணூரில் கடலைச் சேரும். அந்த வழியில் வீடு வாங்கிய நாம், பத்திரத்தில் சர்வே எண்ணைப் பார்த்தோம், ஓடையைப் பார்க்கவில்லை. பூண்டி ஏரி நிரம்பிக் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும் ஒவ்வொரு வருடமும் இதையே டிவியில் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குள் மறந்துபோகிறோம்.

கிணறு உப்பானதும் நமக்கு உறைக்கவில்லை. நகரத்துக்காக மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை வருடக்கணக்கில் உறிஞ்சியதில் கடல் உள்ளே ஏறிவிட்டது. அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், 2010-ல், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாம் கேன் தண்ணீருக்கு மாறினோம். கேன் போடும் பையன் காலையில் படியேறி வைத்துவிட்டுப் போகிறான். குடிக்க, சமைக்க அது போதும். கேன் வந்த நாளில் ஏரியைப் பற்றிய கவலை நம் வீட்டை விட்டு வெளியே போனது. கையில் கேன் இருக்கிறவனுக்குக் கடப்பாக்கம் ஏரி என்ன ஆனால் என்ன?

ஆலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல். உரம், பெயின்ட், பெட்ரோகெமிக்கல் என்று ஒவ்வொன்றாக வந்தன. அவை நம்மைப் படிக்க வைத்தன. "பையன் மணலியில் பர்மனென்ட்" என்ற ஒரு வரியில் எத்தனை கல்யாணம் முடிந்திருக்கிறது! அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைத் தூற்ற வாய் வராது, தூற்றவும் வேண்டாம். ஆனால் சம்பளத்தோடு கூடவே வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொண்டோம். மாடியில் காயப்போட்ட வேட்டியில் சாம்பல் படிந்தால் உதறி உள்ளே எடுத்து வந்தோம். ராத்திரி வாயு நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்தினோம். செப்பாக்கம் பக்கம் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையில் சேறாக இறங்குகிறது என்று மீனவர்கள் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்தபோது, அது அவர்கள் பிரச்சினை என்று நினைத்துவிட்டோம். கரன்ட் நமக்கு, சாம்பல் அவர்களுக்கு என்ற பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்று தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டோம்.

இதில் நாம் செய்ததிலேயே மோசமானது எது என்று கேட்டால், மீன் வாங்கிய விதத்தைச் சொல்வேன்.

காட்டுக்குப்பத்திலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு அம்மாக்கள் தெருவுக்கு வருவார்கள். எண்ணூர் முகத்துவாரத்து இறாலும், சேற்று நண்டும், மடவையும் ருசிக்குப் பேர்போனவை. ஆற்று இறால் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் விசேஷம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு குழம்பில் மண்ணெண்ணெய் வாசனை வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. அன்றிலிருந்து கூடையை இறக்கும் முன்பே கேட்கத் தொடங்கினோம்.

"ஆத்து எறாவா, கடல் எறாவாம்மா?"

"ஆத்து எறாதான் கண்ணு, காலையில புடிச்சது."

"ஆத்துதுன்னா வேணாம்மா."

நாலு வாசலில் இதைக் கேட்டபிறகு ஐந்தாவது வாசலில் அந்த அம்மா, "கடலுதுதான், காசிமேட்டுது" என்று சொன்னார். கொஞ்ச நாளில் உண்மையிலேயே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து வந்து விற்றார். பிறகு அவர் மகள் ஒரு கம்பெனியில் பெருக்கிக் கூட்டப் போனாள். சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அப்படி மாறிக்கொள்ளவும் வழியில்லை. மீன் கெட்டது என்று கண்டுபிடித்த முதல் ஆட்கள் நாம். அது ஏன் கெட்டது என்று விசாரிக்காத ஆட்களும் நாம். சாப்பிடும் தட்டிலிருந்து ஆற்றைத் தள்ளிவைத்துவிட்டோம். அதன்பின் அது சாக்கடையானபோது நமக்கு இழப்பாகத் தெரியவில்லை. எஞ்சியிருந்தவர்கள் அதில் படகு விட்டுக்கொண்டிருந்த சில குப்பத்து மீனவர்கள்தான். அவர்கள் போட்ட கூச்சலில் நம் குரல் சேரவில்லை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் தார் மாதிரி ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். உலகமே அந்த வாளியைப் பார்த்துச் சிரித்தது. நாமும் சேர்ந்து மீம் போட்டோம். ஒரு நாள் போய் வாளி பிடித்தவர்கள் நம்மில் கொஞ்சப் பேர்தான். அதே மாதத்தில்தான் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சேற்றில் நின்று பாடிய புறம்போக்குப் பாட்டு வெளியானது. மயிலாப்பூர்க் கச்சேரி மேடையிலிருந்து ஒருவர் நம் ஊர்த் தண்ணீருக்காக இங்கே வந்து பாடுகிறார். நாம் அதை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வீட்டுக்குள்ளேயே வந்தது. மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது; பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மறுபடியும் வாளி, மறுபடியும் மீனவர்கள். வெள்ளம் வடிந்த பிறகு முட்டியளவு உயரத்தில் சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு. டீசல் ஊற்றித் துடைத்தால் பரவியது. சுண்ணாம்பு அடித்தால் மறுநாளே பழுப்பாக மேலே ஊறி வந்தது. கடைசியில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். நிவாரணத்துக்கு வரிசையில் நின்றோம். அந்த மாதமே 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து சனங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான், இதெல்லாம் மீனவர் பிரச்சினை அல்ல என்று சிலருக்கு உறைத்தது. அதற்கும் ஆயுசு கொஞ்ச நாள்தான். ஒரு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் எர்ணாவூரில் நடந்தது. வேலை நாள். வந்தவர்கள் காட்டமாகப் பேசினார்கள். நம்மில் பெரும்பாலானோர் ஆபீஸ் முடிந்து வந்து செல்போனில் வீடியோ பார்த்தோம்.

முகத்துவாரத்தில் இப்போது புதுத் தொல்லை ஒன்று. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிப்பி. கப்பல்கள் எடைக்காக நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள் நிபுணர்கள். ஆற்றுத் தரையை அது பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. இறால் புதையச் சேறு இல்லை, கால் வைத்தால் கிழிக்கிறது, ஆழம் குறைந்த இடத்தில் படகு தட்டுகிறது. கழி ஊன்றி, பாய் விரித்து, கயிறு இழுத்துத் தோணி போன தண்ணீர் இது. இப்போது ஃபைபர் படகின் எஞ்சினைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

எண்ணூரிலும் ஒரு போட் ஹவுஸ் வேண்டும் என்று நம்மில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஆசையாகத்தான் இருக்கிறது. அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகு, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு என்று அது முடிந்துவிடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள், ஊர் சுற்ற வந்த குடும்பம் குடும்பமாக, செத்துப்போனார்கள். அதையும் மறக்கக் கூடாது. படகு விடுவதென்றால் அதைக் காட்டுக்குப்பத்துக்காரர்கள் விடட்டும். எந்த ஓதத்தில் எங்கே நீரோட்டம் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கும் முன்னால் கையை நனைத்தால் அரிக்காத தண்ணீர் வேண்டும். படகு ஏறும் இடத்தில் மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து, கோலிஃபார்ம் கிருமி எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று பலகையில் தமிழில் எழுதிப்போட வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. அதாவது நம் வீட்டுச் சாக்கடை, ஒழுங்கான குழாயில் போனால், ஆலைக்குப் பயன்படும் தண்ணீராகிறது. அந்த அளவு நல்ல தண்ணீர் மிச்சமாகிறது. வழி தவறினால் கால்வாயில் விழுகிறது. எந்தக் குழாயில் போகிறது என்பது பல தெருக்களில் நம் வாசலில் நாம் எடுத்த முடிவு. ஆலைகளிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும், ஒரு பைசா விடாமல் கேட்க வேண்டும். கேட்கப் போகிற நம் கையில் சொந்தக் கணக்கும் இருந்தால் கொஞ்சம் குரல் உயரும்.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போன மாதம் கால்வாயோரம் ஒரு படகுத்துறை கேட்டு மனு எழுதலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். முதல் கேள்வி, "பார்க்கிங் எங்கே சார்?" இரண்டாவது கேள்வி, கொசு வருமா. சிரித்து முடித்தபிறகு, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, மனு அப்புறம் எழுதலாம், முதலில் எந்தெந்த வீட்டுக் குழாய் மழைநீர் வடிகாலில் இருக்கிறது என்று எடுங்கள் என்றார். கூட்டம் கொஞ்சம் அமைதியானது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் டீ கொடுத்துத் தாங்களாகவே காட்டினார்கள். பட்டியலில் முதல் பெயர் செயலாளருடையது. அவர் குடிநீர் வாரியத்தில் இணைப்புக்கு மனு போட்டுவிட்டு, ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். இரண்டாவது பெயர்க்காரர் டைல்ஸ் உடைப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். யாருக்காவது நல்ல கொத்தனார் தெரிந்தால் சொல்லுங்கள்.